சனிக்கிழமை தீ மூட்டாத சாரணர்

கேள்வி: என் தம்பி நியூஜெர்சியில் ஒரு சாரணர் குழுவுக்குத் தன்னார்வத் தலைவர். குழுவில் இரண்டு யூதப் பையன்கள். வார இறுதி முகாம் என்றாலே வருவதில்லையாம். என்ன செய்யலாம்?

பதில்: வருவதில்லையா, வர முடியாத மாதிரி முகாம் போடுகிறாரா? முதலில் அதைக் கேளுங்கள். யூதர்களின் வாராந்தர ஓய்வுநாளான சபாத் வெள்ளியன்று சூரியன் மறைவதற்குச் சற்று முன்னே தொடங்கி, சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை நீளும். கண்டிப்பான வீடுகளில் அந்த நேரத்தில் வண்டி ஏறமாட்டார்கள், தீ மூட்டமாட்டார்கள், நிரந்தரமான முடிச்சுகூடப் போடமாட்டார்கள். டிசம்பரில் அங்கே மாலை நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும், குழு வெள்ளி இரவு ஏழு மணிக்குக் கிளம்பினால் பையன் எப்படி வருவான்? சில முகாம்களையாவது ஞாயிறு காலையில் வைக்கச் சொல்லுங்கள். முடிச்சுத் தேர்வும் அன்றைக்கே.

அப்புறம் சாப்பாடு. பன்றி வேண்டாம் என்பதோடு முடியாது, இறைச்சியோடு சீஸ் சேராது, பாத்திரமும் தனி. வீட்டுக்கு வீடு கண்டிப்பு மாறும் என்பதால் தம்பியே ஊகிக்காமல் பெற்றோரிடம் கேட்கட்டும். அமெரிக்கச் சாரணர்களில் யூதச் சிறுவர்களுக்கென்றே 'நேர் தமீத்' என்று ஒரு சமயப் பதக்கம் உண்டு, அணையா விளக்கு என்று பொருள். அதற்கு அவர்களைத் தயார்செய்ய உள்ளூர் ரப்பியிடம் (யூத சமயகுருவிடம்) பேசிப் பார்க்கலாம்.