லெச்சே தேவாலயங்களில் கல்லை இவ்வளவு நுணுக்கமாகச் செதுக்க முடிந்தது எப்படி?

கல்தான் முதல் காரணம். தென் இத்தாலியின் புலியா பகுதியில் உள்ள லெச்சேயைச் சுற்றிக் கிடைப்பது தேன் நிறச் சுண்ணாம்புக்கல். கடலடியில் படிந்து உருவானது. கல்லின் துகள்கள் மிக நுண்ணியவை, சீரானவை. வெட்டியெடுத்த புதிதில் உளிக்கு எளிதாக இணங்கும். காற்றுப் பட்டு ஈரம் வற்ற வற்ற மேற்பரப்பு இறுகும். ரோமின் துளைகள் நிறைந்த டிராவர்ட்டீன் கல்லில் இந்த நுணுக்கம் வராது.

சாந்தா குரோச்சே பேராலயத்தைப் பாருங்கள். 1549-ல் தொடங்கிய வேலை 17-ஆம் நூற்றாண்டில்தான் முடிந்தது. முகப்பின் கீழ்த்தளத்தில் கட்டடக் கலைஞர் ரிக்கார்தி அமைத்த தூண்கள் அமைதியாக நிற்கின்றன. மேலே போகப் போக ஓரங்குலம்கூட வெறுமையாக இல்லை: பூச்சரம், பழக்கொத்து, தேவதைகள், நடுவே பெரிய வட்டச் சாளரம். கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் இடையிலுள்ள மாடத்தை மனிதர்களும் விலங்குகளும் முதுகு வளைத்துத் தாங்குகிறார்கள். அவர்களில் தலைப்பாகை அணிந்தவர்களை, 1571 லெபாந்தோ கடற்போரில் பிடிபட்ட துருக்கியர் என்றே பொதுவாகச் சொல்கிறார்கள். எனக்கு முகப்பின் உயிரே அந்த வரிசைதான்.

ஆனால் இந்த மென்மைக்கு ஒரு விலை உண்டு. உப்பும் ஈரமும் கலந்த காற்று கல்லை அரித்துக் குழிகுழியாக்குகிறது. அதனால் அங்கே பழுதுபார்ப்பு ஓய்வதே இல்லை.