டீச்சரைக் கேளுங்கள்: யமாஷிதாவும் பெர்சிவலும் மீண்டும் சந்தித்தார்களா?

போர்க்காலத் தலைவர்களைப் பற்றிக் கேட்கலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களைப் படித்து முடிக்கவே இரண்டு ராத்திரி ஆயிற்று. இடம் உள்ளவரை பதில் சொல்கிறேன்.

ஹிட்லரின் உண்மையான பெயர் ஷிக்கல்குரூபர் என்று படித்தேன். சரியா டீச்சர்?
தொடக்கக் கல்லூரி மாணவி, ஈசூன்

இல்லைம்மா. அது அவருடைய அப்பா அலோய்ஸ் இளமையில் வைத்திருந்த பெயர், தாய்வழி வந்தது. 1876இல் அவர் அதை மாற்றி ஹிட்லர் என்று பதிந்துகொண்டார். மகன் பிறந்தது 1889இல். ஆகவே மகன் பிறந்த நாள் முதலே ஹிட்லர்தான்.

பெயரைவிட முக்கியமான ஒன்றைக் குறித்துக்கொள். ஆஸ்திரியாவில் பிறந்த ஹிட்லருக்கு ஜெர்மன் குடியுரிமை கிடைத்ததே 1932 பிப்ரவரியில்தான். அடுத்த ஜனவரி 30ஆம் தேதி அவர் பிரதமர். மக்கள் பெரும்பான்மை கொடுத்துத்தான் அவர் வந்தார் என்று பலர் நினைக்கிறார்கள். 1932 நவம்பர் தேர்தலில் அவர் கட்சிக்கு விழுந்தது நூற்றுக்கு 33 ஓட்டு. அதிபர் ஹிண்டன்பர்க் அழைத்துப் பதவியைக் கொடுத்தார். வகுப்பில் இதை ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன்.

புக்கிட் தீமாவில் சரணடைந்த பிரிட்டிஷ் ஜெனரல் பெர்சிவல், ஜப்பானியத் தளபதி யமாஷிதாவைப் பிறகு எப்போதாவது பார்த்தாரா?
ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர், புக்கிட் பாத்தோக்

பார்த்தார் ஐயா. அந்தக் கதையை முதலிலிருந்து சொன்னால்தான் நிறைவாக இருக்கும்.

1942 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. மாலையில் ஃபோர்டு கார் தொழிற்சாலைக்குப் பிரிட்டிஷ் அதிகாரிகள் நால்வர் நடந்து வருகிறார்கள். ஒருவர் கையில் வெள்ளைக் கொடி, இன்னொருவர் கையில் பிரிட்டிஷ் கொடி. அரைக்கால் சட்டையும் இரும்புத் தொப்பியுமாக ஒல்லியாக வருபவர்தான் பெர்சிவல். உள்ளே ஒரு நீள மேசை. பெர்சிவல் மறுநாள் காலை வரை தவணை கேட்கிறார். யமாஷிதா கொடுக்கவில்லை. சரணடைகிறீர்களா இல்லையா, ஒரே சொல்லில் சொல்லுங்கள் என்று நெருக்குகிறார். ராத்திரியே தாக்குதல் தொடரும் என்றும் மிரட்டுகிறார்.

யமாஷிதா அவசரப்பட்டதற்குக் காரணம் உண்டு. அவரிடம் இருந்தது சுமார் 30,000 வீரர்கள். எதிரே அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு. குண்டும் தோட்டாவும் தீர்ந்துகொண்டிருந்தன. ஊருக்குள் சண்டை இழுத்தால் தோற்றுவிடுவோம் என்ற பயம் அவருக்கு. இந்தப் பக்கம் பெர்சிவலுக்கோ நகரத்துக் குடிதண்ணீர் அற்றுப்போகிறதே என்ற கவலை. எதிராளியின் பயம் தெரியாமலே கையெழுத்துப் போட்டார். சர்ச்சில் இதைப் பிரிட்டிஷ் வரலாற்றிலேயே மிக மோசமான பேரழிவு என்றார்.

அந்த அறைக்கு மாணவர்களை எத்தனையோ முறை அழைத்துப் போயிருக்கிறேன். அசல் மேசை ஆஸ்திரேலியாவில், கான்பெராவில் இருக்கிறது. ஆனால் அறை அதே அறை. அங்கே போனதும் பிள்ளைகளின் பேச்சு தானாக நின்றுவிடும்.

இரண்டாவது சந்திப்புக்கு வருகிறேன். பெர்சிவல் போர்க்கைதியாகச் சாங்கியில் தொடங்கி, தைவான், மஞ்சூரியா என்று மூன்றரை ஆண்டு கிடந்தார். விடுதலையானதும், 1945 செப்டம்பர் 2ஆம் தேதி மிசூரி என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் ஜப்பான் சரணடைந்தபோது அமெரிக்கத் தளபதி மெக்கார்தர் அவரைத் தன் பின்னால் நிற்க வைத்தார். கையெழுத்திட்ட பேனாக்களில் ஒன்றையும் கொடுத்தார். மறுநாளே பிலிப்பீன்ஸில் பாகியோ நகரம். அங்கே சரணடைய வந்தவர் யமாஷிதா. எதிரே சாட்சியாகப் பெர்சிவல்.

மணிலாவில் நடந்த கொடுமைகளுக்காக 1946 பிப்ரவரி 23ஆம் தேதி யமாஷிதா தூக்கிலிடப்பட்டார். நம் ஊரில் சூக் சிங் என்று சீன ஆண்களை வரிசையில் நிற்க வைத்துக் கடற்கரையில் சுட்டார்களே, அதற்காக அவர் ஒருநாளும் குற்றவாளிக் கூண்டில் நிற்கவில்லை. அந்த விசாரணை இங்கே தொடங்கியது 1947இல். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

ஸ்டாலின் என்பது குடும்பப் பெயரா?
வாசகர், செங்காங்

இல்லை. ஜார்ஜியாவில் பிறந்த அவருடைய குடும்பப் பெயர் ஜுகாஷ்விலி. ஸ்டாலின் என்பது எஃகைக் குறிக்கும் ரஷ்யச் சொல்லிலிருந்து அவரே சூட்டிக்கொண்டது. 1953 மார்ச் 5ஆம் தேதி அவர் இறந்தபோது கலைஞர் கருணாநிதிக்கு ஆண் குழந்தை பிறந்து நான்கு நாள். அந்தப் பெயரைத்தான் வைத்தார்.

ஜப்பான் பிரதமர் டோஜோ சிங்கப்பூருக்கு வந்தாராமே? நேதாஜி ஹிட்லரைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்தாரா?
வாசகி, தேக்கா

நேராக வரவில்லை. நேதாஜி ஹிட்லரைச் சந்தித்தது 1942 மே மாதம், ஒரே ஒரு முறை. இந்திய விடுதலைக்கு ஆதரவாக ஓர் அறிவிப்பை எதிர்பார்த்துப் போனார். கிடைக்கவில்லை. 1943 பிப்ரவரியில் ஜெர்மன் நீர்மூழ்கியில் புறப்பட்டு, ஏப்ரல் கடைசியில் மடகாஸ்கர் பக்கம் நடுக்கடலில் ரப்பர் படகு வழியாக ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறினார். உடன் வந்தவர் அபித் ஹசன் ஒருவரே. சுமத்ராவின் சாபாங்கில் கரையேறி, தோக்கியோ போய், சிங்கப்பூர் வந்து சேர்ந்தது ஜூலை 2. நான்காம் தேதி கத்தே கட்டடத்தில் இந்திய சுதந்திர லீக்கின் தலைமை ஏற்றார். ஐந்தாம் தேதி பாடாங் திடலில் இந்திய தேசிய ராணுவ அணிவகுப்பு, 'டில்லி சலோ' முழக்கம். ஆறாம் தேதி அதே பாடாங்கில் நேதாஜி பக்கத்தில் நின்று அணிவகுப்பைப் பார்த்தவர்தான் டோஜோ.

என் அம்மாவுக்கு அப்போது பதினொரு வயது. டோஜோவைப் பற்றிக் கேட்டால் "யாரோ கண்ணாடி போட்ட ஆள்" என்பார், அவ்வளவுதான். நேதாஜியைப் பற்றிக் கேட்டால் பேச்சு நிற்காது. கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைத்திருந்ததால் இருட்டோடு எழுந்து நடந்தே போனார்களாம். பிறகு ஒரு கூட்டத்தில் ஆச்சி தன் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். எட்டுக்கல் தோடு, கல்யாணத்துக்குப் போட்டது. அதற்குப் பின் ஆச்சி காதில் வேப்பங்குச்சிதான். நல்ல நாளில்கூட வேறு தோடு போட மறுத்துவிட்டார் என்று அம்மா சொல்வார்.

டோஜோவின் முடிவையும் கேட்டிருந்தீர்கள். 1945 செப்டம்பர் 11ஆம் தேதி, கைது செய்ய வந்தபோது மார்பில் சுட்டுக்கொண்டார். பிழைக்க வைத்து, விசாரித்து, 1948 டிசம்பர் 23 அன்று தூக்கிலிட்டார்கள்.

பாட்டியின் பெட்டியில் வாழைமரம் போட்ட பத்து வெள்ளி நோட்டு கிடைத்தது. வரிசை எண்ணே இல்லை. கள்ள நோட்டா?
உயர்நிலை மாணவர், சுவா சூ காங்

பயப்படாதே தம்பி. ஜப்பானியர் ஆட்சியில் எண் இல்லாமல், எழுத்து மட்டும் போட்டே நிறைய அச்சடித்தார்கள். 'எம்' என்று தொடங்கினால் அது மலாயாவுக்கு. ஜப்பான் அரசு பத்து வெள்ளி தருவதாக உறுதி கூறும் வரி அதில் இருக்கும், வெளிச்சத்தில் பார். இப்படிக் கணக்கில்லாமல் அடித்ததால்தான் விலைவாசி ஏறி, வீடு வீடாக மரவள்ளிக்கிழங்கு தின்றார்கள். நாணயக் கடையில் பெரிதாக ஒன்றும் தரமாட்டார்கள். பாட்டி வைத்த இடத்திலேயே வை.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஜப்பானியக் கல்லறைப் பூங்காவில் ஒரு தளபதியின் நினைவுக்கல் இருக்கிறது. யார் அவர்?
வாசகர், ஹவ்காங்

சுவான் ஹோ அவென்யூவில் இருப்பதைத்தானே கேட்கிறீர்கள்? அவர் ஃபீல்டு மார்ஷல் தெராவுச்சி. தென்கிழக்காசியாவில் இருந்த ஜப்பானியப் படை முழுவதற்கும் தலைவர். 1945 செப்டம்பர் 12ஆம் தேதி நம் நகராட்சி மண்டபத்தில் சரணடைய வந்திருக்க வேண்டியவர். பக்கவாதம் வந்து கிடந்ததால் அவருக்குப் பதிலாக ஜெனரல் இட்டாகாக்கி வந்து கையெழுத்திட்டார். தெராவுச்சி நவம்பரில் சைகோனில் தன் வாள்களை நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டனிடம் ஒப்படைத்தார். 1946 ஜூனில் ஜொகூரில், ரெங்கத்தில் கைதியாக இறந்தார்.

தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்த சயாம் மரண ரயில் பாதையைப் போட்டது அவருடைய படைதான். 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடித்தார்கள். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லித் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களை லாரியில் ஏற்றினார்கள். காலராவிலும் பசியிலும் ஆயிரம் ஆயிரமாகச் செத்தார்கள். காஞ்சனபுரியில் வெள்ளைக்காரக் கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல் இருக்கிறது. தமிழர்களில் பெரும்பாலோருக்குப் பெயரும் இல்லை, தேதியும் இல்லை.

என் சின்னத் தாத்தாவை ஏற்றிப் போனது அந்த ரெங்கத்துக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்துதான். அவர் இறந்த நாள் தெரியாததால் திதி கொடுக்க வழியில்லை. ஆடி அமாவாசையில் எல்லோரோடும் சேர்த்து அவருக்கும் ஒரு இலை போடுவோம். இந்த ஆண்டும் போட்டோம்.