யூடியூபும் வேண்டும், படிப்பும் நடக்க வேண்டும் என்றால்

தம்பி, குரூப் 2 தேர்வுக்குப் படிக்கக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கே போனாலும் கை யூடியூபைத் தேடுகிறது, அம்மா அழைப்பார் என்பதால் கைப்பேசியை அணைக்கவும் முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

செயலியை நீக்காதீர்கள், பாட வீடியோக்களுக்குத் தேவைப்படும். அதன் அமைப்புகளில் பார்வை வரலாற்றை நிறுத்தி, பழையதையும் அழித்துவிடுங்கள். முகப்பில் பரிந்துரைகள் வராது. வேண்டிய வீடியோவை நீங்களே தேடி எடுக்க வேண்டியிருக்கும். பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்தது. திரையைக் கறுப்பு வெள்ளையாக்கச் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை.

'தொந்தரவு செய்யாதே' வசதியைப் போட்டு, அம்மாவின் எண்ணுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அழைக்காமல் சாதாரண அழைப்பாகவே அழைக்கச் சொல்லுங்கள். காலை வணக்கப் பூக்கள் குவியும் குடும்பக் குழுவின் ஒலியை நிரந்தரமாக நிறுத்திவிடலாம். சித்தப்பாவுக்குத் தெரியவே தெரியாது.