சிதம்பரம் தொகுதியில் உதயசூரியனில் நின்றிருந்தால் திருமாவளவன் எளிதாக வென்றிருப்பாரே, பானையில் நின்று ஏன் திண்டாட வேண்டும்?

நான் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக்காரன். உங்கள் கேள்விக்கு முதலில் நேரான பதில்: ஆமாம், 2019-இல் திமுகவின் உதயசூரியனில் நின்றிருந்தால் அனேகமாகப் பெரிய வித்தியாசத்தில் வென்றிருப்பார். அதே தேர்தலில், அதே விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் ரவிக்குமார் விழுப்புரத்தில் உதயசூரியனில் நின்றார். 1,28,068 வாக்குகள் கூடுதலாக வாங்கி ஜெயித்தார். சிதம்பரத்தில் பானை வென்ற வித்தியாசம் 3,219. தொகுதிக்குத் தொகுதி நிலவரம் மாறும்தான். ஆனாலும் இரட்டை இலைக்கு எதிரே ஒரு புதுச் சின்னம் நின்றால் என்ன ஆகும் என்பது அந்த எண்ணிலேயே தெரிகிறது. வாக்கு எண்ணிய அன்று இரவு வெகுநேரம் வரை ஒரு சுற்றில் இவர் முன்னிலை, அடுத்த சுற்றில் அவர் முன்னிலை என்று இழுத்துக்கொண்டே போனது. எங்கள் தெருவில் யாரும் தூங்கவில்லை.

இவ்வளவு தெரிந்தும் பானையில் ஏன் நின்றார் என்பதற்குத் தொகுதியின் பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1957-இல் இது இரட்டை உறுப்பினர் தொகுதி. தீண்டாமை பற்றி ஆராய்ந்த இந்தியக் குழுவுக்குப் பின்னாளில் தலைமை வகித்த இளையபெருமாள் அப்போது இங்கிருந்துதான் நாடாளுமன்றம் போனார். 67, 71 இரண்டிலும் திமுகவின் மாயவன். 84, 89, 91 என மூன்று முறை காங்கிரஸின் வள்ளல்பெருமான். 98-இல் பாமகவின் தலித் எழில்மலை, மத்திய இணையமைச்சராகவும் ஆனார். இவர்கள் எல்லோரும் பெரிய கட்சியின் சின்னத்திலோ பெரிய கூட்டணியின் பலத்திலோ வந்தவர்கள். தனித்தொகுதி என்றால், வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதே வேறு யாரோ என்றுதான் எங்கள் பக்கம் நினைப்பார்கள்.

1999-இல்தான் அது மாறியது. அதுவரை தேர்தலையே புறக்கணித்து வந்த விடுதலைச் சிறுத்தைகள் இயக்கம் முதன்முறையாகக் களத்தில் இறங்கியது, திருமாவளவன் இங்கே நின்றார். மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ் கூட்டணி, சைக்கிள் சின்னம். பாமகவின் பொன்னுசாமி ஜெயித்தார். ஆனால் அந்தத் தேர்தலை நாங்கள் நினைவில் வைத்திருப்பது முடிவுக்காக அல்ல. வாக்குப்பதிவை ஒட்டித் தொகுதியின் பல தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன, வீடுகள் எரிந்தன, ஓட்டுப் போடவே போக முடியாமல் நிறையப் பேர் நின்றுவிட்டார்கள். அப்படியிருந்தும் சைக்கிளுக்கு இரண்டேகால் லட்சம் ஓட்டு விழுந்தது.

எங்கள் ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது. ஒவ்வொரு தேர்தலுக்கும் அவருடைய கேள்வி ஒன்றுதான்: "இந்த வாட்டி எதுலடா குத்தணும்?" 99-இல் சைக்கிள். 2004-இல் ஐக்கிய ஜனதா தளத்தின் அம்பு. மறுபடி தோல்வி, மறுபடி பொன்னுசாமி. 2009-இல் நட்சத்திரம், முதல் வெற்றி, 99,083 வாக்கு வித்தியாசம். 2014-இல் மோதிரம், அதிமுகவின் சந்திரகாசியிடம் 1,28,495 வாக்குகளில் தோல்வி. 2019-இல் பானை. ஒரே வேட்பாளர், ஒரே தொகுதிப் பெயர், ஐந்து தேர்தலில் ஐந்து சின்னம்! அந்தத் தேர்தல்களில் இரட்டை இலைக்கும் மாம்பழத்துக்கும் இந்தத் தொல்லை இருக்கவில்லை. இங்கேயோ சின்னம் கிடைத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் ஒவ்வொரு ஊராகப் போய் முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. 2008 தொகுதி சீரமைப்புக்குப் பிறகு வேலை இன்னும் கூடியது. விருத்தாசலமும் குறிஞ்சிப்பாடியும் போய், குன்னம், அரியலூர், ஜெயங்கொண்டம் வந்தன. கொள்ளிடக்கரை நெல் வயலிலிருந்து முந்திரிக்காடு, சிமென்ட் ஆலை, சோளக்காடு என்று மூன்று மாவட்டத்தில் கிடக்கும் தொகுதி இது.

இனி உங்கள் கேள்விக்கான உண்மையான காரணம். 2001 சட்டமன்றத் தேர்தலில் திருமாவளவன் கடலூர் மாவட்டத்து மங்களூர் தொகுதியில் உதயசூரியனில் நின்று ஜெயித்தார். சின்னம் திமுகவுடையது என்பதால் சட்டப்படி அவர் திமுக உறுப்பினர். சட்டமன்றத்தில் சொந்தக் கட்சியின் பெயரே இல்லை. கூட்டணியிலிருந்து விலக நினைத்தபோது பதவியையே விட வேண்டி வந்தது. 2004-இல் ராஜினாமா செய்தார். இன்னொருவர் சின்னத்தில் எத்தனை முறை வென்றாலும் அந்த ஓட்டு உங்கள் கட்சிக் கணக்கில் ஏறாது, அங்கீகாரமும் வராது. இதை அனுபவத்தில் கற்றவர், தோற்றாலும் சரி என்றுதான் பானையைப் பிடித்தார். அந்த முடிவு சரியானது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

அதற்கு விலையும் இருந்தது. 2019 வாக்குப்பதிவு நாளன்று பொன்பரப்பியில் தலித் மக்களின் வீடுகளை அடித்து நொறுக்கினார்கள். தெருவில் ஒரு பானையைப் போட்டு உடைத்ததில்தான் தகராறு தொடங்கியது என்று அப்போது செய்திகள் வந்தன. மறுவாக்குப்பதிவு கேட்டார்கள், நடக்கவில்லை. 3,219 என்ற எண்ணைக் கேட்கும்போதெல்லாம், அன்று ஓட்டுப் போட முடியாமல் போனவர்கள்தான் எனக்கு ஞாபகம் வருகிறார்கள்.

2024-இல் பானை கிடைக்குமா என்பதே கடைசி நேரம் வரை உறுதியில்லை. கிடைத்தது. ஐந்து லட்சத்துக்கு மேல் வாக்குகள், வித்தியாசம் 1,03,554. விழுப்புரத்திலும் ரவிக்குமார் இந்த முறை பானையிலேயே நின்று வென்றார். அந்த இரண்டு வெற்றியை வைத்துத்தான் 2025 ஜனவரியில் கட்சிக்கு மாநிலக் கட்சி அங்கீகாரம் வந்தது, பானையும் சொந்தமானது.

2019-இல் ஆயாவிடம் பானை என்று சொன்னபோது, "நம்ம ஊட்டுப் பானையா?" என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டார். அதற்கு மேல் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.