ஆக்டேனும் ஆக்சிலரேட்டரும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மாதம் ஒருமுறை திண்டுக்கல்லில் இருந்து சென்னைக்குக் காரில் போய் வருகிறேன். ஒரு வழி 420 கி.மீ. 2019 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஐந்து கியர். போகும்போது இங்கே 95 ஆக்டேன் போடுகிறேன். திரும்பும்போது சென்னையில் சாதா பெட்ரோல். போகும்போது லிட்டருக்கு 18.4, வரும்போது 17.3. சில மாதங்களாக இப்படித்தான் வருகிறது. லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் கூடக் கொடுப்பது வீண் இல்லை என்றே நினைக்கிறேன். ஒருமுறை சென்னையில் 100 ஆக்டேன் நிரப்பித் திரும்பினேன், 18.5 வந்தது. வாடகைக் கார் ஓட்டும் நண்பர், ஐந்தாவது கியரில் 100ல் போனால்தான் எஞ்சின் ஃப்ரீயாக ஓடும், மைலேஜும் அப்போதுதான் கிடைக்கும் என்கிறார். இறக்கத்தில் நியூட்ரலில் விடவும் சொல்கிறார். இதெல்லாம் எவ்வளவு உண்மை? டேங்கில் பாதி சாதா இருக்கும்போது மேலே 95 ஊற்றினால் எஞ்சினுக்குக் கெடுதலா?

எஸ்., திண்டுக்கல்

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கணக்கு நோட்டில் பெட்ரோலைவிடப் பெரிய ஆள் ஒருவர் ஒளிந்திருக்கிறார். திண்டுக்கல் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னை கடலோரம். 95 போட்ட ஒவ்வொரு தடவையும் நீங்கள் இறங்கியிருக்கிறீர்கள், சாதா போட்ட ஒவ்வொரு தடவையும் ஏறியிருக்கிறீர்கள். ஆட்களோடு 1,100 கிலோ உள்ள காரை 270 மீட்டர் தூக்க 2.9 மெகாஜூல் வேண்டும். எஞ்சின் திறன் 27 சதவீதம் என்று வைத்தால் அது சுமார் 0.36 லிட்டர் பெட்ரோல். போகும்போது அது மிச்சம், வரும்போது அது கூடுதல் செலவு. 420 கி.மீ.க்கு 18.4 என்றால் 22.8 லிட்டர், 17.3 என்றால் 24.3 லிட்டர். வித்தியாசம் 1.5 லிட்டர். அதில் பாதியைச் சாலையின் சரிவே விழுங்கிவிட்டது.

மீதியைக் காற்று எடுத்துக்கொள்ளும். திண்டுக்கல்லில் இருந்து திருச்சி வடகிழக்கே இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காலத்தில் போகும்போது காற்று முதுகில், திரும்பும்போது முகத்தில். 100ல் ஓடும் காருக்கு மணிக்கு 5 கி.மீ. காற்று பின்னால் இருப்பதற்கும் எதிரே இருப்பதற்கும், காரை ஓட்டத் தேவையான மொத்த விசையில் சுமார் 14 சதவீதம் வேறுபாடு வரும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில், 6 சதவீத மைலேஜ் வேறுபாட்டைப் பெட்ரோலின் கணக்கில் எழுத முடியாது.

ஆக்டேன் எண் என்ன சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பார்த்துவிடலாம். பெட்ரோலில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று அது சொல்வதில்லை. தீப்பொறி ஏற்றிய சுடர் போய்ச் சேருவதற்கு முன்னால், சிலிண்டரின் ஓரத்தில் இருக்கும் கலவை அழுத்தத்திலும் சூட்டிலும் தானாகவே வெடிப்பதுதான் நாக்கிங். அதை எரிபொருள் எவ்வளவு தாங்கும் என்பதற்கான எண் அது. அமுக்க விகிதத்தை, அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பதை, மாற்றக்கூடிய ஒற்றைச் சிலிண்டர் சோதனை எஞ்சினில் ஓட்டி, ஐசோ ஆக்டேனுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து, இரண்டின் கலவைகளோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுகிறார்கள். நம் பங்க்குகளில் எழுதியிருப்பது ஆர்.ஓ.என். (ரிசர்ச் ஆக்டேன் நம்பர்) என்ற அளவு. அமெரிக்கப் பம்ப்புகளில் காணும் 87, 91, 93 வேறு அளவு. அது ஆர்.ஓ.என்., எம்.ஓ.என். (மோட்டார் ஆக்டேன் நம்பர்) இரண்டின் சராசரி. அங்கே 87 என்பது இங்கே ஏறக்குறைய 91 அல்லது 92. அமெரிக்க வீடியோ பார்த்துவிட்டு இங்கே பெட்ரோல் தேடுகிறவர்கள் தடுமாறுவது இதனால்தான்.

ஆற்றலும் ஆக்டேனும் வேறுவேறு என்பதற்கு எத்தனாலே சாட்சி. அதன் ஆர்.ஓ.என். 108ஐ ஒட்டியது. ஆனால் லிட்டருக்கு 21 மெகாஜூல்தான். பெட்ரோலில் 32. ஆகவே 20 சதவீதம் எத்தனால் கலந்த, இப்போது சாதாவாக வரும் இ20 பெட்ரோலில் லிட்டருக்கு 30 மெகாஜூலுக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஆக்டேன் ஏறுகிறது, மைலேஜ் இறங்குகிறது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து, இ10க்கு ட்யூன் செய்த கார்கள் இ20ல் 6 முதல் 7 சதவீத மைலேஜை இழக்கும் என்று 2021ல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கையே சொல்கிறது. 2019 மாடல் என்பதால் உங்கள் கார் பெரும்பாலும் அந்த வகைதான்.

இந்த இடத்தில் உங்கள் 100 ஆக்டேன் கணக்கு விளங்கிவிடும். சென்னையில் இருந்து திரும்பும் அதே ஏற்றத்தில் 17.3, 18.5 ஆனது. 7 சதவீதம். ஏறத்தாழ எத்தனால் பறித்த அளவு. அந்த வகைப் பெட்ரோல் எத்தனால் கலக்காதது என்று சொல்லித்தான் விற்கப்படுகிறது. உங்களுக்குக் கிடைத்தது 100 என்ற எண்ணின் பலனாக இருக்க வாய்ப்பு குறைவு, லிட்டருக்குள் இருந்த கூடுதல் ஆற்றலின் பலன். ஒரே ஒரு தடவை என்பதால் அதையும் நான் முழுதாக நம்பமாட்டேன். நம்பினாலும் காசு கட்டாது. 2020 டிசம்பரில் டெல்லியில் அறிமுகமானபோதே அதன் விலை லிட்டர் 160 ரூபாய். அந்த விலைக்கே 18.5 கி.மீ. என்றால் கிலோமீட்டருக்கு 8 ரூபாய் 65 காசு. சாதா லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் 17.3க்கு 5 ரூபாய் 84 காசு.

95ன் கதை இன்னும் விசித்திரம். சாதா பெட்ரோலின் ஆர்.ஓ.என். முன்பு 88ஆக இருந்து பிறகு 91க்கு வந்தது. இ20 கலப்பால் அது 95க்கு உயர்ந்துவிட்டதாக 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் கொடுத்தது. அப்படிப் பார்த்தால், கூடுதல் விலைக்கு நீங்கள் வாங்கும் எண் சாதாக் குழாயிலேயே வருகிறது. மிஞ்சுவது பிரீமியம் பெட்ரோலில் கலக்கும் துப்புரவு ரசாயனம். இன்ஜெக்டரிலும் இன்லெட் வால்விலும் படியும் கசடை அது குறைக்கும். நல்லதுதான், ஆனால் ஒரு டேங்கில் மைலேஜாகத் தெரிகிற காரியம் அல்ல. 101க்கு மேல் 8 ரூபாய் கொடுத்தால் மைலேஜும் 8 சதவீதம் ஏறினால்தான் வரவும் செலவும் சமம். உங்கள் எஞ்சினில் அதற்கு வழியே இல்லை.

ஏன் இல்லை? சமவெளியில் நிதானமாக ஓடும்போது எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் முக்கால்வாசி மூடியே இருக்கும், சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, நாக்கிங் வரும் சூழலே கிடையாது. தாங்கும் சக்தி எவ்வளவு இருந்தாலும் தாங்குவதற்கு அங்கே எதுவும் இல்லை. கொடைக்கானல் மலைப்பாதையில் ஐந்து பேர், ஏசி, சித்திரை வெயில், கியரை இறக்காமல் மிதிக்கிறீர்கள் என்றால் நிலைமை வேறு. எஞ்சின் பிளாக்கில் பொருத்திய நாக் சென்சார் அதிர்வைப் பிடிக்கும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு., தீப்பொறி விடும் நேரத்தைச் சில டிகிரி பின்தள்ளும். எரிதல் தாமதமாகி, பிஸ்டனைத் தள்ள வேண்டிய சூடு சைலன்சர் வழியே போகும். இழுவையும் குறையும், மைலேஜும் குறையும். டர்போ எஞ்சின்களிலும் 12:1, 13:1 அமுக்க விகிதம் உள்ளவற்றிலும் இது அடிக்கடி நடக்கும், அவற்றில் ஆக்டேனுக்கு வேலை உண்டு. அங்கும் பலன் சிறியது. பிரீமியம் பெட்ரோல் கட்டாயம் இல்லை, பரிந்துரை மட்டும் என்று தயாரிப்பாளர் சொல்லும் கார்களை அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2017ல் சோதித்தபோது மைலேஜ் சராசரியாக 2.7 சதவீதம்தான் கூடியது. பெட்ரோல் மூடிக்கு உள்பக்க ஸ்டிக்கரையும் கையேட்டையும் பாருங்கள். அதில் 91 என்றிருந்தால் விஷயம் முடிந்தது. குறைந்தபட்சம் 95 என்று எழுதியிருக்கும் காரில் அதற்குக் கீழே போகக் கூடாது, அது எஞ்சின் ஆயுள் விவகாரம்.

இனி உங்கள் நண்பர். அவர் சொல்வதில் கால்வாசி உண்மை இருக்கிறது. பெட்ரோல் எஞ்சின் சுமை ஏற ஏறத்தான் திறனாக ஓடும். 80ல் 25 சதவீதம் என்றால் 100ல் 27 வரலாம். 'ஃப்ரீ'யாக ஓடுவதாக அவருக்குப் படுவது இதுவாக இருக்கலாம். ஆனால் எஞ்சின் இரண்டு புள்ளி சம்பாதிப்பதற்குள் காற்று பல மடங்கு பறித்துக்கொள்கிறது. காற்றின் தடை வேகத்தின் இருமடிப்படி ஏறும். உங்கள் காரைப் போன்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1,100 கிலோ, காற்றின் இழுவைக் கெழுவையும் (காரின் வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்ற எண்) முகப்புப் பரப்பையும் பெருக்கினால் 0.7 சதுர மீட்டர். டயர் உருளும் தடை ஏறக்குறைய 119 நியூட்டன், இது வேகத்தோடு பெரிதாக மாறாது. காற்றுத் தடை 80ல் 200 நியூட்டன், 100ல் 313, 120ல் 451. இரண்டையும் கூட்டி, எஞ்சின் திறன் ஏறுவதையும் சேர்த்து, இ20 பெட்ரோலுக்குக் கணக்கிட்டால் 80ல் லிட்டருக்கு 23.4 கி.மீ., 90ல் 21க்குச் சற்றுக் கீழே, 100ல் 18.8, 120ல் 14.7. காருக்குக் கார் எண்கள் மாறும், சரிவு மாறாது.

உங்கள் 420 கி.மீ.க்கு 100ல் 22.4 லிட்டர், 90ல் 20.1, 80ல் 17.9. 100ல் இருந்து 90க்கு இறங்கினால் 28 நிமிடம் கூடும், 2.3 லிட்டர் மிஞ்சும். 80க்கு இறங்கினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், 4.5 லிட்டர். சுங்கச்சாவடி, டீக்கடை எல்லாம் கழித்த கணக்கு இது. என்னைக் கேட்டால் 90 நல்ல பேரம். 80ல் போனால் மிச்சம் இன்னும் அதிகம், ஆனால் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு வேகத்தைக் கூட்டிக் குறைத்து அதில் ஒரு பங்கைத் தொலைப்பீர்கள். 1974ல் எண்ணெய் நெருக்கடியின்போது அமெரிக்கா நாடு முழுவதும் 55 மைல், அதாவது சுமார் 88 கி.மீ. என்று வேக வரம்பு வைத்ததும் எரிபொருளை மிச்சப்படுத்தத்தான். அது 1995 வரை சட்டத்தில் இருந்தது.

மீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டக் கூடாது என்பது விதி, கூட்டிக் காட்டலாம். முள் 100ல் இருக்கும்போது பெரும்பாலான கார்கள் 93 முதல் 97க்குள்தான் ஓடுகின்றன. செல்போன் ஜி.பி.எஸ்.ஸோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

நியூட்ரல் யோசனையைக் கைவிடுங்கள். இன்ஜெக்டர் உள்ள காரில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் ஈ.சி.யு. பெட்ரோலை முழுதாக நிறுத்திவிடும், சக்கரமே எஞ்சினைச் சுழற்றும். சுழற்சி ஐட்லிங்கை நெருங்கும்போதுதான் மறுபடி விடும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் செலவாகும். கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் அது. மலை இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கிங் இல்லாமல் பிரேக் சூடேறிப் பிடிமானம் போகும் ஆபத்தும் சேர்கிறது.

ஊருக்குள் வேகம் பிரச்சினை அல்ல, நிறுத்தம்தான். 60ல் வரும் இந்தக் காரை ஒருமுறை பிரேக் போட்டு நிறுத்தினால் 153 கிலோஜூல் பிரேக் டிஸ்க்கில் சூடாகக் கரையும். அதே 60ல் சுமார் 660 மீட்டர் ஓடத் தேவையான ஆற்றல் அது. சிவப்பு விளக்கு தூரத்தில் தெரிந்ததும் காலை எடுப்பது எந்த பிரீமியம் பெட்ரோலையும்விட அதிகம் கொடுக்கும்.

பெட்ரோலை உண்மையாகவே சோதித்துப் பார்க்க ஆசை என்றால் போக்குவரத்து இரண்டையும் சேர்த்து 840 கி.மீ.யை ஒரே அளவாக எடுங்கள். சரிவு அடிபட்டுப் போகும், காற்றும் ஓரளவு அடிபடும். ஒரே பங்க், ஒரே பம்ப், துப்பாக்கி முதல் முறை தானாக நிற்கும் வரை மட்டும். அதற்கு மேல் குலுக்கி ஊற்றினால் அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று பிசகும். 5 லிட்டர் போட்டு மைலேஜ் பார்க்கிறவர்களுக்கு அந்த ஒரு லிட்டர் 20 சதவீதப் பிழை. 45 லிட்டரில் அது 2 சதவீதம். வழியில் நிரப்ப நேர்ந்தால் அதே வகைப் பெட்ரோலைப் போட்டு அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். டயர் காற்றைக் காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள், ஓடிச் சூடான டயர் கூடுதலாகக் காட்டும். கதவோரத்தில் போட்டிருக்கும் அளவு எதுவோ அதுவே இரண்டு சோதனைக்கும். மேலே கேரியர் இருந்தால் கழற்றிவிடுங்கள். ஒரு மாதம் சாதா, மறு மாதம் 95 என்று மாற்றி மாற்றிக் குறைந்தது மூன்று சுற்றாவது பார்த்த பிறகு சராசரி போடலாம். டேஷ்போர்டு காட்டும் மைலேஜை இதில் சேர்க்காதீர்கள், அது பெரும்பாலும் தாராள மனசு.

கலந்து ஊற்றுவதில் கெடுதல் எதுவும் இல்லை. சாதா இன்னும் 91 என்றே வைத்தாலும், 95ஓடு பாதிக்குப் பாதி கலந்தால் ஏறக்குறைய 93, அவ்வளவுதான். இரண்டும் டேங்கில் நன்றாகவே கலந்துவிடும், அடுக்கடுக்காக நிற்காது. ஆனால் அந்த டேங்கின் மைலேஜை எந்தச் சோதனைக் கணக்கிலும் சேர்க்க முடியாது.