பென் டிரைவுக்குப் பூட்டு தேவையா?

கேள்வி: கணக்குக் கோப்புகளையும் அடையாள ஆவண நகல்களையும் எடுத்துச் செல்ல சாதாரண பென் டிரைவ் போதுமா, என்கிரிப்ஷன் (குறியாக்கம், அதாவது கடவுச்சொல் இல்லாமல் கோப்புகளைப் படிக்க முடியாதபடி மாற்றும் வசதி) உள்ளதுதான் வாங்க வேண்டுமா?

பதில்: பாட்டு, படம் என்றால் சாதாரணமே போதும். உங்கள் ஆவணங்களுக்குப் பூட்டு அவசியம். அதற்காகப் புது டிரைவ் வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை. விண்டோஸ் புரோ இருந்தால், இப்போதுள்ள டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து, விண்டோஸிலேயே உள்ள குறியாக்க வசதியான பிட்லாக்கரை இயக்குங்கள். ஹோம் பதிப்பில் திறக்கலாம், பூட்ட முடியாது. பிட்லாக்கரை இயக்கும்போது தரும் 48 இலக்க மீட்புச் சாவியைத் தனியாக எழுதி வையுங்கள்.

மேக், லினக்ஸ் என்று மாற்றி மாற்றிச் செருகுபவரா? ரகசிய எண்ணை டிரைவிலேயே அழுத்தித் திறக்கும் எண்பலகை உள்ள டிரைவே நல்லது. குறியாக்கம் உள்ளேயிருக்கும் சிப்பில் நடப்பதால் மென்பொருள் வேண்டாம். ஆனால் பல மாடல்களில் 10 முறை தவறாக அழுத்தினால் உள்ளேயிருக்கும் குறியாக்கச் சாவியே அழிந்துவிடும், கோப்புகள் போனதுதான். ஆகவே இன்னொரு பிரதி இருக்கட்டும். அட்டையில் ‘பாஸ்வேர்டு பாதுகாப்பு’ என்று மட்டும் இருந்தால் நம்பாதீர்கள். 256 பிட் ஏஇஎஸ் (வலுவான ஒரு குறியாக்க முறை) ஹார்டுவேர் குறியாக்கமா என்று பாருங்கள்.