அப்போ நாம் சாப்பிடுவது எந்தத் தண்டு?

கேள்வி: வாழையின் உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கிறது, வெளியே தெரிவது போலித்தண்டு என்று மகளுக்குப் பாடத்தில் வந்திருக்கிறது. 'அப்போ நேற்று கூட்டு வைத்தாயே, அது என்னம்மா?' என்று கேட்கிறாள். என்ன சொல்ல?
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: நல்ல கேள்விதான் கேட்டிருக்கிறாள். குலை வெட்டிய வாழையைச் சாய்த்துப் போட்டு, அவளையே பட்டை பட்டையாக உரிக்கச் சொல்லுங்கள். கையோடு வருகிற ஒவ்வொரு பட்டையும் ஓர் இலையின் அடிப்பாகம், பாடத்தில் இலையுறை என்று இருக்கும், அவை ஒன்றை ஒன்று இறுக்கிச் சுற்றி நிற்பதுதான் போலித்தண்டு. பூக்கட்ட நார் கிழிப்பதும் அதில்தான். அசல் தண்டு கீழே கிழங்காகக் கிடக்கிறது. பருவம் வந்ததும் அந்தக் கிழங்கின் நுனி, பூவைத் தலையில் வைத்துக்கொண்டு பட்டைகளுக்கு நடுவே ஏறி உச்சியில் வெளியே தள்ளும். அந்தப் பூங்காம்புதான் உங்கள் கூட்டு! சின்ன வாழை காற்றில் விழுந்தால் வெட்டிப் பாருங்கள், நடுவே சுருண்ட குருத்துதான் இருக்கும், நறுக்கும்போது நூலை விரலில் சுற்றி எடுப்போமே, அந்த வெள்ளைத் தண்டு இருக்காது.

பக்கத்து வீட்டுச் சேச்சி இதை உண்ணிப்பிண்டி என்பாரே, கேட்டிருப்பீர்கள். மலையாளத்தில் முட்டையின் மஞ்சள் கருவும் உண்ணிதான். உள்ளே இருப்பது வேறு என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது, நாம்தான் தண்டு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிக் குழப்பிக்கொண்டோம்.

அப்புறம், வாழைப்பூவின் சிவப்பு மடலை இதழ் என்று எழுதிவிடப் போகிறாள். அது பூவடிச்செதில், பூக்கள் அதற்குள் வரிசையாக ஒளிந்திருப்பவை. ஆய்கிறபோது பிடுங்கிப் போடுகிற கள்ளன், தலை தடித்த குச்சி, அது சூல்தண்டு.

கேள்வி: நாம் யானைத் தந்தம் என்கிறோம், வாளையாறு தாண்டினால் ஆனைக்கொம்பு. எது சரி?
– ஒரு வாசகர், வேலந்தாவளம்

பதில்: உறுப்பைப் பார்த்தால் தந்தம்தான். தந்தம் என்றாலே வடமொழியில் பல். ஆனால் பலர் நினைப்பதுபோல் கோரைப்பல் இல்லை, மேல்தாடையின் வெட்டுப்பல் நீண்டு வளர்ந்தது, வேர் தாடைக்குள் ஆழமாகப் புதைந்திருக்கும். மாட்டுக்கொம்பு அப்படியில்லை, மண்டையோட்டிலிருந்து நீளும் எலும்பின் மேல் நகம்போன்ற உறை. அதற்காகச் சேட்டன்மாரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், கொம்பன் யானை என்று நாமும்தானே சொல்கிறோம்.